புளிமாவுக்கு ஒரு ஜெபக்கூட்டம்

பாளையங்கோட்டை ரெகொபோத் நகரில் யாரும் யாரைப் பற்றியும் புறணி பேசுவதில்லை, ஜெபக்குறிப்பு சொல்வதோடு சரி. இன்னார் வீட்டுப் பையன் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்து கிடந்தான் என்று சொன்னால் அது புறணி. இன்னார் வீட்டுப் பையனைக் குடியிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் கர்த்தர் தூக்கிவிட வேண்டும், அதற்காக நாம் ஊக்கமாக மன்றாட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அது ஜெபம். கண்ணை மூடுவதில்தான் விஷயமே இருக்கிறது. அங்கே குடியிருந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பிறத்தியார் பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையால் சுழித்தே காலத்தை ஓட்டியவர்கள், பென்ஷன் வந்துவிட்டது என்பதற்காகச் சுழிக்கிற கையைச் சும்மா வைத்திருக்க முடியுமா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு மாற்றி வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். இரண்டு பாட்டு, ஒரு வசனம், அப்புறம் இருட்டுகிற வரைக்கும் ஜெபக்குறிப்பு.

அப்படிப்பட்ட ஊருக்குள்தான் அந்தப் புளிமாவு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் ஹெப்சிபா டீச்சர், பழைய தலைமையாசிரியை, சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. கனடாவில் மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போன இடத்தில், மகள் ரொட்டி சுடுவதற்கென்று வளர்த்துவந்த சவர்டோ மாவில் ஒரு கரண்டி எடுத்து ஜாம் பாட்டிலில் அடைத்து, பெட்டிக்குள் உள்பாவாடையில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். கோதுமை மாவும் தண்ணீரும் கலந்து தன்பாட்டுக்குப் புளித்துக் கிடக்கிற சமாச்சாரம் அது. தினமும் பாதியை எடுத்துக் கொட்டிவிட்டு மீதிக்குப் புது மாவும் தண்ணீரும் ஊட்ட வேண்டும் என்பது அதன் சட்டம். வீட்டுக்கு வந்தவர்களுக்கே அரை டம்ளர் காபி கொடுத்துப் பழகிய டீச்சருக்கு மாவைக் கொட்டக் கை வருமா. ஊர் திரும்பிய மறுநாளே பாட்டில் கழுத்தில் ஒரு ரிப்பனைக் கட்டி, "உனக்குன்னுதான் ஆசையா தூக்கிட்டு வந்தேன்" என்று சொல்லி எதிர்வீட்டுப் பியூலாவின் தலையில் கட்டிவிட்டார்.

பியூலாவை அதுவரை அந்த நகரில் ஒரு ஆளாக யாரும் எண்ணியதில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்துச் செத்துப்போன ஆசீரின் பெண்சாதி, பிறந்தநாளுக்குச் சொன்னால் கேக் செய்து தருவாள், கூட்டத்தில் கடைசிப் பாயில் உட்காருவாள், டீ கொடுக்கிற நேரத்தில் எழுந்து உள்ளே போய் உதவி செய்வாள், அவ்வளவுதான். அவளுக்கும் மாவைக் கொட்ட மனசு வரவில்லை. கைபேசியில் தேடித் தேடி, கொட்ட வேண்டிய பாதியை வெண்ணெயிலும் சாக்லேட்டிலும் முட்டையிலும் சர்க்கரையிலும் கலந்து பிரவுனி சுடலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆனால் மாவு ஒத்துழைக்க வேண்டுமே. வெயிலில் வைத்தாள், ஆப்பத்துக்கு ஊற்றுகிற மாதிரி ஒரு கரண்டி கள் வாங்கி ஊற்றினாள், கீர்த்தனை போட்டுக் காட்டினாள். அது கஞ்சிப் பசை போல அடியில் படுத்தே கிடந்தது.

அந்த வார ஜெபக்கூட்டம் பியூலா வீட்டு முறை. பாட்டில் சமையலறை ஜன்னல் மேட்டில் இருந்தது. பாட்டுப் பாடினார்கள், மாவு அசையவில்லை. வசனம் வாசித்தார்கள், அசையவில்லை. பிறகு ஹெப்சிபா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, தபால் ஆபீஸ் கிளார்க்கின் மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் வளையலை அடகு வைத்ததாகவும், அந்தக் குடும்பத்தின் மேல் கர்த்தரின் கரம் இறங்க வேண்டும் என்றும் தொடங்கினார், அதன் மேல் இன்னொருத்தி ஒன்று வைத்தாள், அதன் மேல் இன்னொருத்தி, டீ போட பியூலா உள்ளே போய்ப் பார்க்கும்போது மாவு மூடியைத் தள்ளிவிட்டு, ஜன்னல் கம்பியைத் தாண்டி, வெளியே கருவேப்பிலைச் செடியின் மேல் வழிந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சுட்ட பிரவுனியைப் பற்றி அந்தத் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். மேலே காகிதம் மாதிரி மெல்லிய பொருக்கு, பல் பட்டதும் நொறுங்கும், உள்ளே ஈரச் சாக்லேட், அந்த இனிப்புக்கு அடியில் நாக்கைச் சுண்டுகிற ஒரு புளிப்பு.

"ஜெபத்துல பொங்கியிருக்கு" என்றார் ஹெப்சிபா டீச்சர். அத்தோடு விஷயம் தீர்ந்தது. மாவு எப்படி இப்படிச் செய்யும் என்று யாரும் கேட்கவில்லை, அல்ஜீப்ராவும் ரசாயனமும் நடத்திய வாத்தியார்கள்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வீடு மாற்றுவது நின்று எல்லா வெள்ளிக்கிழமையும் பியூலா வீட்டிலேயே கூட்டம் நடந்தது. பாட்டிலைக் கூடத்தின் நடுவில் ஸ்டூல் போட்டு, குரோஷா பின்னிய துணி விரித்து, அதன் மேல் ஏற்றி வைத்தார்கள். பெண்கள் கூட்டத்தில் நமக்கென்ன வேலை என்று இருந்த ஆண்களும் வேட்டியை மடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள், அவர்களில் முதல் ஆள் தனசிங் சார், பழைய கணக்கு வாத்தியார். முழங்கால் வலிக்காக ஜெபித்தால் மாவு நகக்கண் அளவுதான் ஏறுகிறது, ஓடிப்போன ஜோடிக்காக ஜெபித்தால் இரண்டு மடங்காகிறது என்பதை முதலில் கவனித்தவர் அவர்தான். கவனித்ததும் எல்லாருக்கும் புரிந்தது. புரிந்தும் புரியாத மாதிரி இருப்பதில் அந்த ஊர்க்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. முழங்கால் வலிக்காரர்களைக் கர்த்தரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள்.

தனசிங் சார் ஒரு வாரம் காய்ச்சலில் வரவில்லை. அவர் பென்ஷன் பணத்தை எடுத்துச் சீட்டாட்டத்தில் விடுகிற பாவத்துக்காக அன்றைக்கு உருக்கமாக மன்றாடினார்கள். வராதவருக்கு அனுப்பாமல் இருப்பது மரியாதையில்லை என்று பியூலா ஒரு துண்டை டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். அவர் கடித்துப் பார்த்தார், பச்சை மாவைத் தண்ணீரில் குழைத்துத் தின்பது போல இருந்தது. காய்ச்சல் நாக்கு என்று நினைத்துக்கொண்டார். பிறகு தபால் கிளார்க்கின் மருமகளுக்கு அப்படி இருந்தது, பிறகு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வாரம். யாரைப் பேசி மாவு பொங்கியதோ அவர் வாயில் மட்டும் அந்தப் பிரவுனி இனிக்காது என்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

மானமுள்ள ஊராக இருந்தால் அன்றைக்கே பாட்டிலைத் தாமிரபரணியில் எறிந்திருக்கும். ரெகொபோத் நகர் என்ன செய்தது என்றால், ஒரு முகத்தைக் கற்றுக்கொண்டது. வாயில் பச்சை மாவு அப்பிக்கொண்டிருக்கும்போதே கண்ணை அரைக்கண்ணாக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "சூப்பர் பியூலாக்கா" என்று சொல்கிற முகம். புருஷனுக்கு எதிரே பெண்சாதியும், பெண்சாதிக்கு எதிரே புருஷனும் அந்த முகத்தை வைத்துக்கொண்டு மென்றார்கள். வராமல் போனால் தன் தலை உருளும் என்பதால் ஒருவரும் கூட்டத்துக்கு வராமல் இருப்பதில்லை. கையில் மாவுக்கட்டுப் போட்டவர் வந்தார், கண் ஆபரேஷன் செய்தவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். போதகர் சபைக்கு வந்த இந்தப் பக்தி எழுப்புதலைப் பார்த்துப் பிரசங்கத்திலேயே பெருமையாகச் சொன்னார். எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டதால் பேசுவதற்கு ஆள் கிடைக்காமல், ஊரைவிட்டுப் போனவர்களைத் தேடிப் பிடித்து ஜெபித்தார்கள், அதுவும் தீர்ந்தபின் செத்துப்போனவர்களை எடுத்தார்கள். செத்தவர்களைச் சொன்னபோது மாவு அசையவே இல்லை, அதனால் எதிரே உட்கார்ந்திருப்பவரையே பேர் சொல்லாமல் ஜெபத்தில் வைக்கத் தொடங்கினார்கள்.

பியூலாவுக்கு மட்டும் எல்லா வாரமும் இனித்தது. அவள் வீட்டில், அவள் பாட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவளைப் பற்றி யார் பேசுவார்கள். ஆனால் அவளோ, தான் வாயைத் திறந்து ஒருத்தரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதனால்தான் இனிக்கிறது என்று நம்பினாள். டீ கொடுத்தாள், கேட்டுக்கொண்டிருந்தாள், சுட்டாள், வேறென்ன செய்தாள். கடைசிப் பாயில் இருந்தவளை இப்போது நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மற்ற சபைகளிலிருந்தும் ஆள் விட்டுக் கேட்டார்கள். ஆசீர் பெண்சாதி என்கிற பெயர் போய் பிரவுனி அக்கா என்கிற பெயர் வந்தது, சபைக் கோவிலில் முன்பெஞ்சில் அவளுக்கு இடம் ஒதுக்கினார்கள். அந்த இனிப்பு நாக்கோடு நிற்குமா, தலைக்கும் ஏறியது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான், டிசம்பர் பிறந்ததும், கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகள் ஜெனிட்டா இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருக்கிறாள் என்று பியூலா தெருவுக்குச் சொன்னாள். லீவுக்கு வருகிறவள் குக்கரையும் இஸ்திரிப் பெட்டியையுமா தூக்கிக்கொண்டு வருவாள்.

"அவன் அடிக்கவும் இல்ல, குடிக்கவும் இல்லம்மா" என்றாள் ஜெனிட்டா, பெட்டியைத் திறக்காமலே அதன் மேல் உட்கார்ந்துகொண்டு. "நான் அந்த வீட்டுல இருக்கேன்னே அவனுக்குத் தெரியல. மெட்ராஸ்ல வேலை சொல்லியிருக்கு, கிடைச்சதும் போயிருவேன். அதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லாத. எப்பச் சொல்லணுமோ அப்ப நானே சொல்லிக்கிடுதேன்."

"நான் ஏன் சொல்லப்போறேன். நான் யாரைப் பத்தியாவது பேசி நீ கேட்டிருக்கியா" என்றாள் பியூலா.

முதல் வெள்ளிக்கிழமையே ஜெனிட்டாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவோரம் நின்று பார்த்தாள், கூட்டம் கலைந்ததும் பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். "இது ஊர் வாயைத் தின்னுல்லா வளருது" என்றாள்.

"போடி, அது ஜெபத்துல பொங்குது."

"சரி, ஜெபம்னே வச்சுக்கோ. என்னைப் பத்தி மட்டும் இதுக்கிட்ட ஜெபம் பண்ணிராதம்மா. நான் கேக்கது அது ஒண்ணுதான்."

பியூலா மகளின் கையைப் பிடித்துச் சரி என்றாள். அந்த நேரத்தில் அவள் பொய் சொல்லவில்லை. மகளை அவளுக்கு உயிர்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஐக்கியத்தின் டீ விருந்து, பியூலா வீட்டு முற்றத்தில், வெளியூர்ச் சபைகளுக்கெல்லாம் அழைப்புப் போயிருந்தது. பார்த்து அந்த வாரம்தானா மாவு படுக்க வேண்டும். பண்டிகை நேரத்தில் வாயில் பச்சை மாவு வேண்டாம் என்று ஊரே உஷாராகிவிட்டது, ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்து உலக சமாதானத்துக்காக ஜெபித்துவிட்டுப் போனார்கள். மாவு அடியில் சுருண்டு, மேலே சாம்பல் நிறத் தண்ணீரைக் கக்கியது. பியூலா தனியாக உட்கார்ந்து பால்காரனைச் சொன்னாள், வாட்டர் டேங்க் ஆளைச் சொன்னாள். ஒரு குமிழி வந்து உடைந்ததே தவிர ஏறவில்லை.

ஹெப்சிபா டீச்சர் புதன்கிழமை மதியம் வந்து பாட்டிலை எட்டிப் பார்த்தார். "செத்துப்போச்சு போலிருக்கே. கஷ்டப்படாத பியூலா, பேக்கரில கேக் சொல்லிருதேன். நீ டீயை மட்டும் பாத்துக்கோ" என்றார். போகிற போக்கில், "மாப்பிள்ளை எப்ப வாராவ" என்றும் கேட்டார். லீவு கிடைக்கவில்லை என்றாள் பியூலா. "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் செருப்பை மாட்டினார்.

நீ டீயை மட்டும் பார்த்துக்கொள் என்கிற அந்தச் சொல்தான் அவளை அறுத்தது. நாற்காலியும் முன்பெஞ்சும் போய் மறுபடி கடைசிப் பாய். ஜெனிட்டா வாசலில் கட்டுவதற்கு ஸ்டார் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். பியூலா பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள்.

கர்த்தாவே என் மகளுக்காக வருகிறேன் என்றுதான் தொடங்கினாள், வேறு எதுவும் அவள் மனதில் இல்லை, மடியில் பாட்டில் லேசாகச் சூடானது. அவள் வாழ்க்கை கெட்டுப்போய் வந்திருக்கிறாள், நீர் கட்ட வேண்டும் என்றாள், மாவு ஒரு விரல் ஏறியது. அந்தப் பையன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, தங்கமான பையன், அடிக்கவில்லை குடிக்கவில்லை என்று இவளே சொல்கிறாள், பின்னே என்னதான் வேண்டும் இவளுக்கு என்றாள், மாவு பாட்டில் கழுத்துக்கு வந்தது. சின்னதிலேயே பிடிவாதம், அப்பா செல்லம் கொடுத்துக் கெடுத்தார், வாய் நீளம், இவளோடு எவன் குப்பை கொட்டுவான் என்றாள், மூடி தெறித்துப் போய்ப் பீரோவில் மோதியது. மெட்ராஸில் வேலை என்கிறாள், வேலைதானோ வேறு எவனும் இருக்கிறானோ யார் கண்டது என்று, தான் ஒருநாளும் நினைத்திராததை, சொல்லும்போதுதான் தனக்கே தெரிந்ததை, அவள் சொன்னாள், அப்போது மாவு அவள் மடியை நிறைத்து, முழங்காலில் வழிந்து, தரையில் இறங்கி, கூடத்தைத் தாண்டி அடுப்படி வாசல் வரைக்கும் வெள்ளையாகப் பரவியது. இத்தனை சுலபமா என்றுதான் அவளுக்கு இருந்தது. எழுந்து, இருக்கிற பாத்திரத்திலெல்லாம் வாரிப் போட்டுவிட்டு வெண்ணெய் உருக்கப் போனாள்.

மறுநாள் முற்றத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆளாளுக்குத் தட்டை வாங்கி, பழக்கமாகிப்போன முகத்தைத் தயார் செய்துகொண்டு கடித்தார்கள். கடித்ததும் அந்த முகம் தேவையில்லாமல் போனது. நிஜமாகவே இனித்தது, ஹெப்சிபா டீச்சருக்கு இனித்தது, தனசிங் சாருக்கு இனித்தது, தபால் கிளார்க்கின் மருமகளுக்கு இனித்தது, அத்தனை பேருக்கும் இனித்தது, எத்தனையோ வாரத்துக்குப் பிறகு ஊர் வாயில் முழு இனிப்பு. ஆனால் இனிப்பை அனுபவிக்கிற ஊரா அது. நமக்கெல்லாம் இனிக்கிறதென்றால் இனிக்காத ஆள் யார் என்று மென்றுகொண்டே கண்ணால் தேடத் தொடங்கினார்கள்.

ஜெனிட்டா கிணற்றடியில் நின்று தன் துண்டைக் கடித்தாள். அவளுக்கு அந்த முகத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அம்மா, இதுல இனிப்பே இல்ல" என்றாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தேடிக்கொண்டிருந்த கண்ணெல்லாம் கிணற்றடிக்குத் திரும்பியது. ஹெப்சிபா டீச்சர்தான் முதலில் அசைந்தார், பக்கத்தில் போய் அவள் தோளில் கை வைத்து, "கவலைப்படாத, ஜெபிச்சுக்கிடுவோம்" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஜெனிட்டா அம்மாவைப் பார்த்தாள். பியூலா, "சளி பிடிச்சிருக்குல்லா, நாக்கு செத்திருக்கும்" என்றாள், சொல்லிவிட்டு, கை சும்மா இருக்க மாட்டாமல் தானும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். இனித்தது. ஜெனிட்டா மிச்சத்தைக் கீழே போடாமல், கடைசித் துணுக்கு வரைக்கும் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில், பெட்டிகளை வாசலில் எடுத்து வைத்துவிட்டு, அவள் பாட்டிலோடு புழக்கடைப் படியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடவில்லை, கர்த்தரைக் கூப்பிடவில்லை. ஹெப்சிபா டீச்சரின் அரை டம்ளர் காபியிலிருந்து ஆரம்பித்தாள், கனடாவில் மகள் எத்தனை சீக்கிரம் டிக்கெட் எடுத்து அம்மாவைத் திருப்பி அனுப்பினாள் என்பதைச் சொன்னாள், தனசிங் சார் பரீட்சைத் தாளைத் திருத்தாமலே மார்க் போட்டதைச் சொன்னாள், வீடு வீடாக, பேர் பேராக, தெருக்கோடி வரைக்கும் போனாள். உள்ளே கட்டிலில் படுத்திருந்த பியூலாவுக்கு ஒவ்வொரு பேரும் கேட்டது. வரிசை கடைசி வீட்டைத் தொட்டதும், அடுத்து தான்தான் என்று தெரிந்து, தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டாள். தலையணையை எடுத்தபோது ஓவன் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெனிட்டா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "போயிட்டு வாரேன்" என்று சொல்லித் தன் கையாலேயே ஒரு துண்டைக் கொடுத்தாள். ஒருவர் விடாமல் கடித்தார்கள், ஒருவர் விடாமல் அரைக்கண் போட்டுத் தலையைச் சாய்த்து, "சூப்பர்மா, அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கு" என்றார்கள். வீட்டுக்குத் திரும்பி, கடைசியாகத் தட்டை அம்மாவிடம் நீட்டினாள்.

பியூலா முகத்தைத் தயார் செய்துகொண்டுதான் கடித்தாள். கண்ணை அரைக்கண்ணாக்கி, தலையைச் சாய்த்து, சொல்ல வேண்டிய வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு கடித்தாள். இனித்தது. இதுவரைக்கும் சுட்ட எதுவும் அப்படி இனித்ததில்லை.

"என்னைச் சொல்லலையா" என்றாள்.

"இல்ல."

"எல்லாரையும் சொன்ன. என்னை ஏன் விட்ட?"

"அது நமக்குள்ள உள்ளது. அதையும் ஊர் திங்கவா குடுப்பேன்" என்றாள் ஜெனிட்டா. ஆட்டோ வந்துவிட்டது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள், ஸ்டாரை மட்டும் வாசலில் கட்டிவிட்டுப் போயிருந்தாள். மாவை மிச்சம் வைக்காமல் சுட்டுவிட்டு, பாட்டிலைக் கழுவி அடுப்படி மேடையில் கவிழ்த்திருந்தாள்.

சாயங்காலம் வழக்கம்போல ஜெபக்கூட்டம். காலியான ஸ்டூலைச் சுற்றி உட்கார்ந்து, பாட்டு முடித்து, வசனம் முடித்து, குடும்பங்களைப் பிரிக்கிற ஆவி விலக வேண்டும் என்று ஹெப்சிபா டீச்சர் கண்ணை மூடினார். பிறகு காலையில் ஜெனிட்டா சுட்டதில் மிச்சம் இருந்த தட்டுச் சுற்றி வந்தது. எல்லாரும் பச்சை மாவை மென்றுகொண்டு சூப்பர் என்றார்கள். பியூலாவும் ஒரு துண்டை வாயில் போட்டாள். அதை விழுங்க முடியாமல், துப்பவும் முடியாமல் வைத்திருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மகள் தன்னை நாலு வார்த்தை கேவலமாகத் திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

"என்ன பியூலா, ஏன் அழுத? உனக்கு இனிக்கலையா" என்று ஹெப்சிபா டீச்சர் ஆசையாகக் கேட்டார்.

"இல்ல டீச்சர். எனக்கு இனிக்கல" என்றாள் பியூலா.

கூடத்தில் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அவள் சொன்னது பொய். தொண்டை வரைக்கும் இனித்துக்கொண்டிருந்தது.